கடலில்லா ஊரிலிருந்து எரிமலைத் தீவுகளுக்கு

வெண்மணல், பவளப்பாறை, புகையும் மலை மூன்றும் அந்தமானில் உண்டு. புறப்படும் முன் ஹைதராபாத்வாசிகள் போட வேண்டிய கணக்குகளும் சில உண்டு.

ஹைதராபாதிலிருந்து அலையில் கால் நனைக்க வேண்டுமானால் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் இந்துமாக் கடலுக்கு நாடி பிடித்துப் பார்ப்பவர்கள் இருப்பது இந்த ஊரில்தான். 1999-ல் தொடங்கப்பட்ட இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் நகரின் வடமேற்கே பிரகதி நகரில் இருக்கிறது. 'இன்காயிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நிறுவனத்தில் 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையமும் இரவு பகலாக விழித்திருக்கிறது. எங்கே வலை வீசினால் மீன் கிடைக்கலாம், எந்தக் கரையில் அலை எத்தனை மீட்டர் எழும்பும், எந்தப் பவளத்திட்டு வெப்பத்தால் வெளுக்கும் அபாயத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தக்காணத்துப் பாறைமேல் உட்கார்ந்தபடி சொல்லப்படுகிறது.

இதே ஊரில் கடற்கரை விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த மையத்தின் நினைவு வருவது அபூர்வம். செகந்திராபாதின் பயண முகவர்களிடம் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் தமிழ்க் குடும்பங்கள் கேட்பதும் மற்றவர்கள் கேட்பதும் ஒன்றே: சின்ன தேசமாக இருக்க வேண்டும், கடற்கரை வேண்டும், முடிந்தால் ஓர் எரிமலை. வழக்கமாக வரும் பதில் பாலி. பாலியின் எரிமலை அழகுதான். ஆனால் எரிமலைக்கு விமான அட்டவணை தெரியாது. 2017 நவம்பரில் ஆகுங் மலை சீறியபோது டென்பசார் விமான நிலையமே மூடப்பட்டது. 2024 நவம்பரில் வேறொரு தீவிலிருக்கும் லெவோடோபி மலை கக்கிய சாம்பலால் இந்தியாவிலிருந்து பாலிக்குப் போகும் விமானங்களும் ரத்தாயின. மோரீஷஸும் எரிமலை பெற்ற பிள்ளைதான்; ஆனால் அங்கே நெருப்பு அணைந்து பல காலம் ஆகிறது.

பாஸ்போர்ட் தேவையில்லாத ஒரு பதில் ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அந்தமான் நிகோபார் தனி நாடல்ல; ஆனால் அளவில் பல நாடுகளைவிடப் பெரியது. பரப்பளவு 8,249 சதுர கிலோமீட்டர். மோரீஷஸைப் போல நான்கு மடங்கு. தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836. அவற்றில் மனிதர்கள் வசிப்பவை முப்பது சொச்சம்தான்.

முதல் கணக்கு காலண்டர். தெலங்கானாவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் இரண்டாவது வாரம் வரை நீளும். குடும்பங்கள் கிளம்ப நினைப்பது மே மாதத்தில். தென்மேற்குப் பருவமழை இந்திய மண்ணில் முதலில் கால் வைப்பதும் அந்தமானில்தான், அதுவும் மே நடுவிலேயே. ஹைதராபாதில் வெயில் 42 டிகிரியில் கொளுத்தும்போது அங்கே கடல் கலங்கிக் கிடக்கும். சரி, தசரா விடுமுறை? அக்டோபர், நவம்பர் வங்கக் கடலில் புயல் பிறக்கும் மாதங்கள். புயல் சின்னம் உருவாகும் தொட்டிலே பல சமயம் அந்தமான் கடல்தான். மிஞ்சுவது சங்கராந்தி. ஜனவரியில் நான்கைந்து நாள் லீவு கிடைக்கும், கடலும் சாதுவாக இருக்கும். பிப்ரவரி, மார்ச் இன்னும் உத்தமம். ஆனால் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

டிசம்பர்தான் சீசன் என்று நம்பிப் போனவர்களுக்கு 2016-ல் ஒரு பாடம் கிடைத்தது. அந்த மாத ஆரம்பத்தில் கடல் கொந்தளித்ததால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டுவந்தன. தீவுக்கும் தீவுக்கும் இடையே படகு ஓடினால்தான் பயணம். எனவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தலைநகரில் கழிப்பதாகவே திட்டம் போடுவது நல்லது. இன்காயிஸ் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அது மீனவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெயர்களிலும் கொஞ்சம் உஷார் தேவை. ஹேவ்லாக் 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. டாக்சிக்காரர் வாயில் பழைய பெயர், அரசுப் பலகையில் புதிய பெயர். தமிழர்களுக்கு இதைவிடப் பழைய பெயர் ஒன்று தெரியும்: ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நிகோபார் 'மாநக்கவாரம்' என்று வருகிறது. மொழிக் கவலையும் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் 15 சதவீதம் பேருக்குத் தமிழும் 13 சதவீதம் பேருக்குத் தெலுங்கும் தாய்மொழி. இரண்டு மொழியும் பேசும் ஹைதராபாத் தமிழருக்கு இட்லிக் கடையிலும் சரி, படகுத்துறையிலும் சரி, கை ஓங்கியே இருக்கும்.

கடற்கரை விஷயத்தில் பெரிய குழப்பம் இல்லை. ஸ்வராஜ் த்வீபின் ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று 2004-ல் 'டைம்' பத்திரிகை சொன்னது. அந்தப் புகழை அது இன்னும் காப்பாற்றிவருகிறது. இந்தியா முழுவதும் ஒரே கடிகாரம் என்பதால் குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஹைதராபாத் பழக்கத்தில் காலை பத்து மணிக்குச் சோம்பல் முறித்தால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம்.

இனி எரிமலை. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை பாரன் தீவு. ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். இந்தியத் தட்டு கிழக்கு நோக்கிச் சரிந்து பக்கத்துத் தட்டின் அடியில் புகுகிறது. ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிறது. சுமத்ராவிலிருந்து பாரன், நார்கோண்டம் வழியாக மியான்மர் வரை செல்லும் எரிமலை வரிசைக்கு இதுதான் காரணம். பாரன் 1787-ல் சீறியது பதிவாகியிருக்கிறது. 1832-க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் தூங்கி 1991-ல் மீண்டும் விழித்தது. அதன் பிறகு அவ்வப்போது இருமிக்கொண்டிருக்கிறது. கடைசியாகச் செய்தியில் அடிபட்டது 2025 செப்டம்பரில். சுற்றுலாப் பயணிகள் இறங்க அனுமதி கிடையாது. எப்போதாவது ஏற்பாடாகும் கப்பல் பயணத்திலோ, செலவு பிடிக்கும் வாடகைப் படகிலோ சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கலாம். கரையில் ஆடுகள் தென்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். எப்போதோ கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளின் வாரிசுகள் அவை.

பாறையை உருக்கும் அதே தட்டுதான் 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியையும் அனுப்பியது. நாகப்பட்டினத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பூகம்பம் நிகழ்ந்த சுமார் பத்து நிமிடங்களில் முதல் அறிவிப்பை வெளியிட இன்காயிஸ் மையத்தால் இன்று முடியும். சுமத்ரா பக்கத்தில் பூமி அதிர்ந்தால் அலை சென்னைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தமானுக்கு அரை மணி நேரம்கூட இருக்காது. எனவே அங்கே கடற்கரையில் நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினால், ஹைதராபாதிலிருந்து செய்தி வரக் காத்திருக்காமல் மேட்டைப் பார்த்து ஓட வேண்டியதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. 2018 டிசம்பரில் இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து எழுந்த அலை நானூறுக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. பெரிய பூகம்பம் எதுவும் முன்னால் வரவில்லை. பூகம்பத்தை நம்பி அமைந்த எச்சரிக்கை முறைகளால் அதைப் பிடிக்க முடியவில்லை.

பாரனுக்குப் போக முடியாதவர்களுக்கு முகவர்கள் கைகாட்டுவது பாராடாங் தீவின் சேற்று எரிமலை. இது நெருப்பு மலையல்ல. நிலத்தடி வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து குமிழியிடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான நாட்களில் சாம்பல் நிறச் சேற்றுக் குட்டையைப் பார்த்துவிட்டு 'இதற்கா இத்தனை தூரம்' என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும். 2025 அக்டோபரில் அது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பலமாக வெடித்தது என்பதும் உண்மை. அருகிலிருக்கும் சுண்ணாம்புக் குகைகளும் அலையாத்திக் காட்டுக்குள் போகும் படகுப் பயணமும் சேற்றைவிட நிச்சயம் மேல்.

கேள்வி அங்கே போகும் வழியைப் பற்றியது. விடியற்காலை மூன்று மணிக்கு விடுதியில் எழுப்புவார்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டும். குறித்த நேரத்தில் பாதுகாப்போடு மொத்தமாகப் புறப்பட்டு நடு நீரிணை வரை சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஜாரவாக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போகும். ஜாரவாக்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு. 1990-களின் கடைசி வரை வெளியாரை அம்போடு எதிர்கொண்டவர்கள், அதன் பின் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-லும் 2006-லும் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. நம் ஊரில் வந்து போகும் காய்ச்சல், வெளித்தொடர்பில்லாமல் வாழ்ந்த ஒரு கூட்டத்தையே அழித்துவிட முடியும்.

அந்தச் சாலையின் சில பகுதிகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது. மூடப்படவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் ஜாரவாப் பெண்களை ஆட வைக்கும் வீடியோ 2012 ஜனவரியில் லண்டன் பத்திரிகையில் வெளியாகி நாடே தலைகுனிந்தது. மறு ஆண்டு ஜனவரியில் நீதிமன்றம் பயணிகளுக்குத் தடை விதித்தது, மார்ச்சில் தளர்த்தியது. நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நடு அந்தமானிலும் வட அந்தமானிலும் குடியேறியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அந்தச் சாலைதான் வழி. ஆனால் பிரசவத்துக்காக அந்தச் சாலையில் விரையும் பெண்ணையும், சேறு குமிழியிடுவதைப் பார்க்க மூன்று மணிக்கு எழுந்த குடும்பத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

புகைப்படம் எடுத்தால் சிறை, வண்டியை நிறுத்தக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது என்று விதிகள் கடுமையாகவே இருக்கின்றன. ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்கள் தேடுவது எரிமலையையா, சாலையோரத்து மனிதர்களையா என்பது அந்த வரிசையில் போய் வந்தவர்களுக்குத் தெரியும். 'வழியில் ஆதிவாசிகளையும் பார்க்கலாம்' என்று கண்சிமிட்டும் முகவரிடம் மேற்கொண்டு பேச்சு வளர்க்காமல் எழுந்து வந்துவிடலாம்.

பாராடாங்குக்குக் கடல் வழியும் உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும். படகு எந்த நாளில் என்பதை ஸ்ரீ விஜயபுரத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் படகு இல்லையென்றால் வண்டூரிலிருந்து ஜாலிபாய் தீவுக்குப் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் விஷயத்தில் அங்கே கெடுபிடி அதிகம். பிஸ்கட் பாக்கெட்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கரையிலேயே கணக்குப் பார்த்துத்தான் படகில் ஏற்றுவார்கள்.