பழைய பேட்டரி லைட்டுக்குப் புது சுவிட்ச்!

மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ, அதுதான் விவசாயி தண்ணீர் கட்டும் நேரம். பகல் முறை என்றால் சிரமமில்லை. இரவு முறை வந்துவிட்டால், ஊர் உறங்கும் நேரத்தில் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். அப்போது கூட வரும் ஒரே துணை பேட்டரி லைட். விதைக்கும் உரத்துக்கும் பைசா கணக்குப் பார்ப்பவர்கள்கூட, இந்த லைட்டைத் தட்டித் தட்டித்தான் எரிய வைக்கிறார்கள்.

தாராபுரம் பக்கம் மூன்று ஏக்கரில் மக்காச்சோளமும் தென்னையும் வைத்திருக்கும் ஒரு குடும்பம். கணவருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். மாமனாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இருட்டில் பார்வை சரியில்லை. அதனால் இரவுத் தண்ணீர் மருமகளின் பொறுப்பு.

கடந்த ஐப்பசியில் ஓர் இரவு, வாமடை திருப்பப் போனவருக்கு நடுவரப்பில் லைட் அணைந்துவிட்டது. வழக்கம்போல உள்ளங்கையில் தட்டினார். மூன்றாவது தட்டில் எரிந்தது. இரண்டடி முன்னால், கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு கட்டுவிரியன் வரப்பைக் கடந்துகொண்டிருந்தது. அசையாமல் நின்றார். அது சோளத்துக்குள் போய் மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

‘‘நாளைக்கே புதுசு வாங்கிக்கலாம் அம்மிணி’’ என்றார் மாமனார்.

‘‘புதுசுலயும் இதே சுவிட்ச்தானுங்களே மாமா’’ என்றார் மருமகள்.

அவர் சொன்னது சரிதான். இரண்டு வருடத்தில் வாங்கிய மூன்று லைட்டுகளிலும் முதலில் கெட்டது பல்பும் இல்லை, கட்டையும் இல்லை. பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச்தான். சேற்றுக் கை பட்டு, ஈரம் இறங்கி, உள்ளே இருக்கும் சின்னத் தகடு களிம்பேறிவிடுகிறது. தகடு சரியாகத் தொடாவிட்டால் வெளிச்சம் விட்டு விட்டு எரியும்.

அட்டாலியில் மாமனாரின் பழைய பித்தளை லைட் கிடந்தது. பெரிய கட்டை இரண்டு போடுவது. அதிலும் சுவிட்ச் போய்விட்டது, ஆனால் உடம்பு கெட்டியாக இருந்தது. தாராபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தனார், அதைப் பார்த்துவிட்டு, ‘‘பக்கத்து சுவிட்சை விட்டுருங்க அண்ணி. பின்னாடி மூடியில பட்டன் வெச்சிரலாம்’’ என்றார்.

மின்சாரமும் மடையும்

பேட்டரி லைட்டில் மின்சாரம் ஒரு சுற்று சுற்றி வருகிறது. கட்டையின் மேல் முனையிலிருந்து பல்புக்கு, அங்கிருந்து சுவிட்ச் வழியாக உலோக உடம்புக்கு, உடம்பிலிருந்து பின்மூடிக்கு, மூடியில் உள்ள ஸ்பிரிங் வழியாகக் கட்டையின் அடிப்பகுதிக்கு. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் அடைத்தாலும் ஓட்டம் நின்றுவிடும். எனவே, மடையைப் பக்கவாட்டில் வைக்காமல் பின்மூடியில் வைக்கலாம். உடம்பு உலோகமாக இருந்தால்தான் இந்த முறை சரிவரும். பிளாஸ்டிக் உடம்புக்கு ஆகாது.

முதலில் பழுது எங்கே என்று பார்த்தார்கள். பின்மூடியைக் கழற்றி, கட்டையின் அடியிலிருந்து உடம்பின் விளிம்புக்கு ஒரு செம்புக் கம்பியை வைத்தார்கள். எரியவில்லை. பக்கவாட்டு சுவிட்சின் இரண்டு தகடுகளையும் இன்னொரு கம்பியால் இணைத்ததும் பளிச்சென்று எரிந்தது. பல்பு, கட்டை, உடம்பு எல்லாம் நன்றாக இருக்கின்றன, சுவிட்ச் மட்டும்தான் கெட்டது என்று தெரிந்துவிட்டது. லைட்டைத் தூக்கிப்போடும் முன் யார் வேண்டுமானாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

செய்த விதம்

பக்கவாட்டு சுவிட்சின் தகடுகளைக் கம்பி வைத்து நிரந்தரமாகப் பற்றவைத்தார்கள். பின்மூடியில் இருந்த தொங்கு வளையத்தை எடுத்துவிட்டு, பட்டனின் கழுத்து நுழையும் அளவுக்கு நடுவில் துளை போட்டார்கள். ஒருமுறை அழுத்தினால் எரிந்து, மறுமுறை அழுத்தினால் அணையும் பிளாஸ்டிக் பட்டன் எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கிறது. அதைத் துளையில் நுழைத்து, நட்டு போட்டு இறுக்கினார்கள்.

மூடியின் உள்பக்கம் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் ஸ்பிரிங்கின் அகலமான பக்கத்தை உட்கார வைத்தார்கள். பட்டனின் உடம்பு ஸ்பிரிங்குக்கு நடுவில் அடங்கிக்கொண்டது. பட்டனுக்கு இரண்டு கால்கள். ஒரு காலிலிருந்து வரும் ஒயரை ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றிலும், மறு காலிலிருந்து வரும் ஒயரை மூடியின் உள்சுவரிலும் பற்றவைத்தார்கள். ஸ்பிரிங்கில் ஈயம் எளிதில் ஒட்டாது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஒயரை இறுக்கிச் சுற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும்.

மூடியைத் திருகியதும், பட்டனை அழுத்தாமலே லைட் எரிந்தது! அணைக்கவும் முடியவில்லை. கழற்றிப் பார்த்தால், ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சரிந்து மூடியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. டியூபைக் கொஞ்சம் பெரிதாக, விளிம்பு மேலே ஏறி நிற்கும்படி வெட்டிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஸ்பிரிங் மூடியைத் தொடக்கூடாது, கட்டையின் அடி பட்டனின் கால்களில் இடிக்கக்கூடாது. இந்த இரண்டிலும் கவனமாக இருந்தால் போதும்.

கடைசியாக, வெளியே பட்டனுக்கு மேல் ஒரு துண்டு டியூபை இழுத்துக் கட்டினார்கள். மழைநீர் இறங்காது. மூடியின் மரையைத் துடைத்து, லேசாக வாசலின் தடவினார்கள்.

கவனிக்க வேண்டியவை

பின்பட்டன் உள்ள லைட்டை நிமிர்த்தி வைக்கக்கூடாது, படுக்க வைக்க வேண்டும். பைக்குள் போடும்போது பட்டன் தானாக அழுந்தாமல் பார்த்துக்கொண்டால் கட்டை வீணாகத் தீராது. மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் கட்டைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒழுகினால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

இது 3 வோல்ட் வேலை என்பதால் ஆபத்தில்லை. சார்ஜ் போடும் லைட்டுகளில் இருக்கும் லித்தியம் செல் அப்படியல்ல. ஷார்ட் ஆனால் சூடேறித் தீப்பிடிக்கும், பழகாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். அதேபோல, லைட்டைச் சரி செய்துவிட்ட தைரியத்தில் யாரும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கக்கூடாது.

நல்ல லைட் இருந்தாலும், கால் எடுத்து வைக்கும் முன் வெளிச்சம் விழ வேண்டும். பூட்ஸும் தடியும் அவசியம். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. ‘ஏதோ பூச்சி’ என்று படுத்துவிடுபவர்களுக்குப் பிறகு வயிற்றுவலி வரும், இமை தொங்கும், மூச்சுத் திணறும். கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், உடனே 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். கடித்த பாம்பைத் தேடிப் பிடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த மருமகளின் லைட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. வலது கையில் மண்வெட்டி, இடது கட்டைவிரலுக்குக் கீழே பட்டன். தட்ட வேண்டிய வேலையே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பித்தளை லைட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

‘‘அடுத்த வாரம் பகல் முறைங்க. ராத்திரியில வீட்டுலதான் இருப்பேன், பண்ணித் தர்றேன்’’ என்று வாங்கி வைத்திருக்கிறார்.