தொடர்பு அறுந்த வேளையில்

கையிலுள்ள கருவியால் தொலைவிலிருந்து செலுத்தப்படும் பெட்ரோல் கார்களை வெறும் விளையாட்டுப் பொருள் எனக் கொள்வதற்கில்லை. 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா வானொலி அலைகளால் சிறு படகொன்றைச் செலுத்திக் காட்டினார். அக்கலையின் வழிவந்த இக்கார்களுள் பெரியவை, உண்மைக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவின. 10 கிலோ எடையோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடியவை.

காரைக்குடியில் எங்கள் மகனுக்காக அத்தகைய கார் ஒன்றை வாங்கினோம். லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய் கலந்து, ஊர்ப்புறத்துச் செம்மண் பொட்டலில் ஓட்டுகிறோம். சத்தம் கேட்டதும் சிறுபிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்கின்றனர். அலைத் தொடர்பு அறுந்து கார் தறிகெட்டு ஓடினால் ஒரு பிள்ளையின் கால் முறியக்கூடும். ஆதலால், தொடர்பு அற்ற கணமே தானாகப் பிரேக் பிடிக்குமாறு காரிலுள்ள அலைவாங்கியை முன்னரே அமைத்திருக்கிறோம். சக்கரங்களை உயர்த்தி வைத்து, கைக்கருவியை அணைத்து, ஒவ்வொரு முறையும் இதைச் சோதிக்கிறோம். ஆயினும் அலைவாங்கியின் பேட்டரியே தீர்ந்துபோனால் அக்காப்பும் பயன்படாது. எனவே ஓட்டுமுன் பேட்டரியையும் பார்க்கிறோம்.

ஆண்டவர் நம்மை இவ்வாறு கைக்கருவி கொண்டு இயக்குவதில்லை. விடுதலை தந்து, உள்ளே மனச்சான்றை வைத்தார். செபம் வறண்டு, அவர் குரல் கேளாத நாள்கள் நமக்கும் உண்டு. அந்நாள்களில் பிறர் காயப்படாதபடி நம்மை நிறுத்துவது, அமைதியான நாள்களில் நாம் பயிற்றுவித்த மனச்சான்றே. அதுவும் ஊட்டமின்றி ஓய்ந்துபோகலாம். உறங்குமுன் சில நிமிடம் செய்யும் ஆன்ம சோதனை, அந்தப் பேட்டரியைப் பார்க்கும் சிறுவேலையை ஒத்தது. அதை நாள்தோறும் தவறாது செய்வோமாக.