கோயில் குளம்

வில்லியனூர் மாதா கோயிலுக்கு ஒருமுறை டேப்பும் நோட்டுமாகப் போனேன். ஆர்கிடெக்சர் இரண்டாம் வருஷ லீவு. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களைப் பற்றி அந்த செமஸ்டரில்தான் படித்திருந்தோம். படித்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்கிற வயசு. ஆயாதான் மாட்டினாள்.

"பழைய சர்ச்சுங்கள்ல நடுக்கூடத்துக்கு லத்தீன்ல என்ன பேரு தெரியுமா ஆயா? கப்பல்."

"இந்த மாதாவே கப்பல்லதானடா வந்தா" என்றாள், அதிலென்ன ஆச்சரியம் என்பதுபோல.

அது உண்மைதான். இங்கே இருக்கும் லூர்து மாதா சுரூபம் 1877இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. இறக்கும்போது பெட்டி மூன்று முறை விழுந்தும் சுரூபத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆனால் நான் சொல்லவந்தது வேறு. தென் பிரான்சில் மாந்த் நகரத்து பிஷப்பாக இருந்த கியோம் துரான், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தேவாலயத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதில் அர்த்தம் உண்டு. நான்கு சுவர்கள் நான்கு சுவிசேஷகர்கள். கற்கள் விசுவாசிகள், அவற்றைப் பிணைக்கும் சுண்ணாம்பு அன்பு. ஜன்னல் கண்ணாடி வேதாகமம்; காற்றையும் மழையையும் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். மொத்தக் கட்டடமும் ஒரு மனித உடம்பு: பீடம் இருக்கும் பகுதி தலை, இரண்டு பக்கமும் நீள்வது கைகள்.

இதைப் படித்தபோது எனக்கு பாகூர் மூலநாதர் கோயில்தான் நினைவுக்கு வந்தது. நம்ம சிற்ப நூல்களும் விமானத்தை உடம்பாகத்தான் பார்க்கின்றன. சுவர்ப்பகுதிக்குப் பாதம் என்று பெயர், சிகரத்துக்குக் கீழே இருப்பது கிரீவம், அதாவது கழுத்து. உள்ளே கருவறை. ஒரே ஒரு விஷயம் தலைகீழ். இடைக்காலத் தேவாலயத்தில் பீடம் கிழக்கே இருக்கும். திரும்பி வரப்போகும் கிறிஸ்துவை எதிர்பார்த்து, சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து மக்கள் நிற்பார்கள். கிழக்கு பார்த்த சிவன் கோயிலிலோ சூரியனைப் பார்ப்பவர் சாமி. நாம் சூரியனுக்கு முதுகு காட்டிக்கொண்டு அவரைப் பார்க்கிறோம்.

ஆயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இது ஒரிஜினல் இல்ல ஆயா. அங்க எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னாடி கட்டுனத பாத்து பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்க கட்டுன காப்பி" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

கோயிலுக்கு எதிரே குளம் இருக்கிறது. சிவன் கோயில்களுக்கு இருப்பதுபோலவே, படிகளோடு. பிரான்சின் லூர்து நகரிலிருந்து கொண்டுவரும் தண்ணீரை இதில் கலப்பது வழக்கம். ஆயா ஞானஸ்நானம் பெற்றவள் இல்லை. வீட்டில் மாடத்தில் முருகன் படம்தான். ஆனால் என் தங்கச்சிக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்ததிலிருந்து இங்கே வருவாள். வந்தால் முதலில் குளத்துக்குத்தான். படியில் இறங்கிக் காலை நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே. அன்றைக்கு உள்ளேயிருந்து வெளியே போனவளும் அங்கேயே போய் உட்கார்ந்தாள். சமாதானம் பண்ண நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் ஆயா எப்பவும் மொதல்ல இங்க வர்ற?"

"எங்க ஊர்ல கோயில் கொளத்துல எங்க ஆளுங்கள கால் வெக்க வுடமாட்டாங்க. மாட்டைக் குளிப்பாட்டுவாங்க. நாங்க எறங்குனா தீட்டு. இங்க மொத தடவ வந்தப்ப பயந்து பயந்துதான் எறங்குனேன். யாரும் யாரு நீன்னு கேக்கல."

பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவளுடையது. அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஹாஸ்டலில் ஃப்ளாரன்ஸ் நகரத்துப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அங்கே பேராலயத்தின் வாசலுக்கு நேர் எதிரே, தனியாக, எண்கோண வடிவில் ஒரு ஞானஸ்நான மண்டபம் நிற்கிறது. ஏழு நாளில் பழைய உலகம் முடிந்துவிட்டது. எட்டாவது நாள் உயிர்த்தெழுதலின் நாள், புதுப்பிறப்பு. அதனால் எட்டு முகம். முதலில் தண்ணீர், பிறகுதான் கோயில். வில்லியனூரிலும் வாசலுக்கு எதிரேதான் தண்ணீர். ஆனால் அங்கே அந்தத் தண்ணீர் ஓர் எல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதைக் கடந்து உள்ளே வந்தவர்தான் சபையைச் சேர்ந்தவர். இங்கே அதே இடத்தில் இருக்கும் குளத்துக்கு யாரைப் பற்றியும் எந்த விசாரணையும் இல்லை. கோயில் குளம் என்று சேர்த்தே பேசிப் பழகிய ஊரில், குளம் இல்லாமல் கோயில் நிறைவாகாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. காப்பி என்று நான் சொன்ன கட்டடத்தில் காப்பியடிக்காத பகுதி அதுதான்.

தேவாலயங்கள் எல்லாருக்கும் திறந்தே இருந்தன என்று சொல்லவரவில்லை. புதுச்சேரி சர்ச் ஒன்றில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிக்க உள்ளே ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் முறையிட்டு 1745இல் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நான்கு சுவருக்கு அர்த்தம் சொன்ன துரானிடம் இந்த ஐந்தாவது சுவருக்கு அர்த்தம் இல்லை. அதன் அர்த்தம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆயா அங்கே இருந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். சின்னங்களைக் கட்டியவர்களிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

ஆயா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தூண், ஜன்னல், பீடம் என்று எல்லாம் அளவோடு வரைந்து வைத்திருக்கிறேன். படம் முகப்புப் படியோடு முடிந்துவிடுகிறது. குளத்தை நான் அளக்கவே இல்லை.

அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் தனியாக அங்கே போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் இறங்கிக் காலை நனைத்தேன். யாரும் யாரு நீ என்று கேட்கவில்லை.