கைக்கறையும் பச்சைக் கம்பளமும்

மாத்தளையிலிருந்து மலையேறி, எல்கடுவயில் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மாணவருக்கு எழுத்துப் பயிற்சி அளிக்க அழைத்திருந்தார்கள். மலையக மக்களின் 200 ஆண்டுகள் என்பது தலைப்பு. அதனை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

பிள்ளைகளின் தாள்களை வாசித்தேன். முன்னோர் 'சொல்லொணாத் துயரங்களை' அனுபவித்திருந்தனர். தேயிலை மலை எல்லோருக்கும் 'பச்சைக் கம்பளம்'. எழுதியவர்களோ அந்த மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள்! சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலையக மக்கள் பாடல்களில் உடம்பு பேசும். பாடசாலைக் கட்டுரையில் அது வாய்மூடிவிடுகிறது. குற்றம் பிள்ளைகளுடையதன்று. கம்பளத்துக்குத்தான் நாம் புள்ளி வழங்குகிறோம். பத்திரிகையில் நானும் அதையே அச்சேற்றியவன்.

தாள்களை மூடி வைக்கச் சொன்னேன். "இன்று காலை உங்கள் உடம்பில் எங்கே வலித்தது, எங்கே குளிர்ந்தது? அதை மட்டும் எழுதுங்கள். துயரம் என்ற சொல் வேண்டாம்."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. ஒரு மாணவி மெல்லக் கேட்டாள்: "சேர், இதையெல்லாம் எழுதினா சிரிக்க மாட்டாங்களா?"

தடையாக இருப்பது சொற்பஞ்சம் அன்று, வெட்கம் என்பது அப்போதுதான் விளங்கியது. கரும்பலகையில் நானே முதலில் எழுதினேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். விரல்களில் ஊறிய கறுப்புக் கறை சவர்க்காரத்துக்கும் போகாது. என் கலைப்பட்டமளிப்பு நாளில் அந்தக் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். நானும் உள்ளூர நிம்மதியடைந்தேன். 30 ஆண்டுகள் எழுதிப் பிழைத்தும் அந்த நிம்மதியைப் பற்றி எங்கும் எழுதியதில்லை. எழுதும்போது கை நடுங்கியது.

அதன் பிறகு பேனாக்கள் அசைந்தன. கேள்வி கேட்ட மாணவி, தன் தாய் கூடையை இறக்கிய பின்னும் கழுத்தைக் குனிந்தபடியே சோறு போடுவதை எழுதியிருந்தாள். புத்தகப் பை சுமக்கும்போது தன் கழுத்தும் அப்படியே குனிகிறதாம். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அன்று நான் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழை திருத்த நாளை நேரம் உண்டு. முதலில் நீங்கள் எழுதிக் காட்டுங்கள், உங்களுக்கு வெட்கமானதை. பிள்ளைகள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.