ரோல் கணக்கும் தவணைக் கணக்கும்

வைகாசித் திருவிழாவில் ஒன்பது கருட சேவை நடக்கிற இரவு, ஆழ்வார்திருநகரியில் படம் எடுப்பவர்களுக்கு உறக்கம் கிடையாது. நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் வரிசையாக வர, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எழுந்தருளி மங்களாசாசனம் செய்வார். தீவட்டிப் புகையும் நெரிசலுமாகத் தெருவே அசைந்துகொண்டிருக்கும். பிலிம் காலத்தில் இதைப் பிடிக்க 400 ஏஎஸ்ஏ ரோலும் ஒரு ஃபிளாஷும்தான் துணை. ஒருதரம் மின்னிய ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் ஒரு பெருமாள் தாண்டிப் போய்விடுவார்.

அந்த இரவுகளைப் பிலிமிலும் எடுத்து, இன்று டிஜிட்டலிலும் எடுக்கிற ஒரு ஸ்டுடியோக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முன்பக்கம் பாஸ்போர்ட் சைஸ் படம் அடிக்கும் பிரிண்டர், லேமினேஷன் மெஷின், ஆதார் நகல் எடுக்க வந்த இரண்டு பேர். பின்னால் பழைய இருட்டறை. இப்போது அங்கே குடை விளக்குகளும் உடைந்த ஸ்டாண்டுகளும் கிடக்கின்றன. சுவரில் ஹைப்போ மருந்து தெறித்த கறை மட்டும் போகவில்லை.

சிறு வயதில் தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் கழுவுகிற பையனாகச் சேர்ந்தவர் அவர். கையில் வந்த முதல் கேமரா யாஷிகா 124ஜி. மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பது.

“ரோலுக்குப் பன்னெண்டு படம்தான் தம்பி. அமுக்குறதுக்கு முன்ன மூச்சைப் பிடிச்சுக்கிடுவோம். ஒண்ணு வீணாப் போனா முதலாளி கணக்குக் கேப்பாருல்லா.”

டச்சப் வேலை எப்படிச் செய்வது என்று ஒரு பழைய நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். முகத்துச் சுருக்கம் நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும். பென்சிலைக் கூராகச் சீவி, மருந்துப் பூச்சுள்ள பக்கத்தில் புள்ளி புள்ளியாக வைத்து அந்த வெளுப்பை நிரப்ப வேண்டும். பிரிண்ட் போடும்போது அந்த இடத்தில் ஒளி குறைவாக இறங்கும், சுருக்கம் மறையும். புள்ளி கூடிவிட்டால் கன்னத்தில் வெள்ளைத் தழும்பு. சதுர அங்குல அளவு முகத்தில் செய்கிற இந்த வேலைக்கு அரை நாள் கூட ஆகுமாம். அவர் விரல்கள் இப்போதும் அந்த நடுக்கமில்லாத பிடியை மறக்கவில்லை. இந்தக் கைத்திறனை இனிக் கற்றுக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகப்படுகிறது.

கணக்குக்கு வருவோம். டிஜிட்டல் வந்ததும் செலவு குறைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். அவர் கணக்கு வேறு. பிலிம் காலத்தில் கேமரா பாடி ஒன்றை வாங்கினால் இருபது வருஷம் உழைக்கும். ரோல் செலவு, கழுவும் கூலி, பிரிண்ட் காசு மூன்றும் கல்யாண வீட்டார் தரும் அட்வான்ஸிலேயே அடங்கிவிடும். யாஷிகாவுக்குப் பின் வந்த சிறு பிலிம் கேமராவில் கல்யாணத்துக்கு ஐந்து ரோல், ரோலுக்கு 36 படம். கூட வேண்டுமென்றால் அவர்களே ரோல் வாங்கித் தருவார்கள். எடுக்கிறவர் தலையில் கடன் ஏறாது.

நிகான் டி70 வெளிவந்தது 2004-இல். 6 மெகாபிக்சல். மனைவியின் நகையை அடகு வைத்து அதை வாங்கினார். அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே, 2008-இல் வீடியோவும் எடுக்கிற நிகான் டி90, கேனான் 5டி மார்க் 2 வந்துவிட்டன. மண்டபத்தில் பெண்வீட்டார் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். 2018-இல் இரண்டு நிறுவனங்களும் கண்ணாடியில்லாத கேமராக்களுக்காக லென்ஸ் மாட்டும் வாயையே மாற்றின. நிகானின் பழைய வாய் 1959 முதல் இருந்தது. பழைய லென்ஸை அடாப்டர் வைத்துத்தான் மாட்ட வேண்டும். அதற்கும் ஒரு விலை. இன்று ஓரளவு நல்ல பாடி ஒன்று ஒன்றரை லட்சத்தைத் தொடுகிறது. தூரத்து லென்ஸ் அதற்கும் மேலே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது டிஜிட்டல் கேமராவுக்கு வரி 28 சதவீதம். 2019 ஜனவரியில்தான் அது 18 ஆனது.

பாடியும் தேய்கிறது. நிகான் டி750-இன் ஷட்டருக்கு நிறுவனம் சொன்ன ஆயுள் 1,50,000 படங்கள். கல்யாணத்துக்கு 3,000 தட்டினால் ஐம்பது கல்யாணம். பிலிம் கேமராவில் 180 தட்டிய இடத்தில் இன்று இத்தனை தட்டினால்தான் ஆல்பம் நிறையும் என்ற எதிர்பார்ப்பு. மெமரி கார்டு இலவசம் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். ஷட்டரும், இரவெல்லாம் படம் பொறுக்குகிற கண்ணும் யார் கணக்கில் வரும்? ரோலுக்கு ரோல் வாடிக்கையாளர் கொடுத்துக்கொண்டிருந்த செலவு, ஒட்டுமொத்தமாக எடுப்பவரின் தவணைக்கு இடம் மாறியிருக்கிறது. அவரிடம் பேசியபின் எனக்குத் தெளிவானது இதுதான்.

அவருடைய நண்பர் ஒருவர் அன்று கடைக்கு வந்தார். பாளையங்கோட்டையில் கலர் லேபில் மெஷின் ஓட்டியவர். டெவலப்பர் 37.8 டிகிரியில் நிற்க வேண்டும், பிலிம் அதில் 3 நிமிடம் 15 வினாடி இருக்க வேண்டும் என்பதை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார். லேப் மூடியதும் கேபிள் டிவி வேலைக்குப் போனார். பெரிய ஆலைகளே நிற்கவில்லை. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் நாடு முழுக்கப் பிலிம் விற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டது. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்து காட்டினார். அந்தக் கோடாக் 2012-இல் திவால் மனு கொடுத்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை ஊர்களைப் புரட்டிய மழையைப் பற்றிக் கேட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. கடைக்குள் தண்ணீர் வந்ததில் ஹார்டு டிஸ்க் இரண்டு போயின; ஐந்தாறு வருஷத்துக் கல்யாணங்கள் அவற்றோடு போயின. நெகட்டிவ் பெட்டியும் நனைந்தது. காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவர் ஆதலால், ஈரத்தோடே நல்ல தண்ணீர் வாளியில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். பாதிக்கு மேல் பிழைத்தன.

“போன மாசம் ஒரு வீட்டுல பெரியவர் தவறிட்டாரு. மாலை போட படம் இல்ல. இருவத்தஞ்சு வருசத்து நெகட்டிவ்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். அவரு மக அழுதுகிட்டே வாங்கிட்டுப் போச்சு.”

பழைய ஸ்டுடியோப் படங்களின் மதிப்பை அறிந்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டுடியோக்களின் படங்களை ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. ஆழ்வார்திருநகரி போன்ற சிற்றூர்களின் பெட்டிகளுக்கும் அப்படி ஒரு கை வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு ஸ்கேனரோடு வந்தால் போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் நெகட்டிவ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கல்யாணப் படங்களில் பத்தையாவது காகிதத்தில் போட்டு வையுங்கள். படக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியை, ஆல்பம் வரட்டும் என்று இழுக்காமல் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவர் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை கட்ட வேண்டும்.