நிக்கற வண்டி டயரு

ஒரு வருஷமா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதனால எழுதி முடிச்சாச்சு. டயர் பத்தின கதை. கொட்டாவி விடாதீங்க மக்களே, நடுவுல எங்கப்பா வர்றார் :-)

2024 மார்ச்ல டாலஸ்ல நாங்க நண்பர்கள் மூணு பேரு காசு போட்டு பழைய மோட்டார் ஹோம் ஒண்ணு வாங்கினோம். முன்னாடி வேன் மூஞ்சி, பின்னாடி கட்டில், அடுப்பு, பாத்ரூம்னு ஒரு குட்டி வீடு. ஃபோர்டு இ-450 சேஸி, 2012 மாடல். முன்னாடி ரெண்டு டயர், பின்னாடி ஜோடி ஜோடியா நாலு. ஓடினது மொத்தமே 31 ஆயிரம் மைல். வித்த தாத்தா வருஷத்துக்கு ஒரு டூர் போவாராம், மீதி நாளெல்லாம் வண்டி வீட்டு வாசல்ல வெயில் காஞ்சிருக்கு. "ஓடாத வண்டி, லாட்டரி அடிச்சிருச்சுடா"ன்னு குதிச்சோம்.

ஜூலைல அப்பா அம்மா வர்றாங்க. அவங்கள அதுல கிராண்ட் கேன்யன் கூட்டிட்டுப் போறதுன்னு பிளான். போக வர ரெண்டாயிரம் மைலுக்கு மேல, அதுவும் கோடை வெயில்ல.

ஆயில் மாத்தப் போன இடத்துல கடைக்காரர் ஆறு டயரையும் மாத்தச் சொன்னார். கூலியோட 1300 டாலர். நல்லா மிளகாய் அரைக்கறாருய்யான்னு நினைச்சேன். ஒரு சென்ட் காசத் தலைகீழா டயர் பள்ளத்துல விட்டா லிங்கன் தலை உச்சி வெளிய தெரியக்கூடாது, அதான் இங்க எல்லாரும் பண்ற டெஸ்ட். எங்க டயர்ல லிங்கன் கண்ணு வரைக்கும் முங்கிட்டார். அப்புறம் எதுக்கு மாத்தணும்?

கடைக்காரர் டயர் பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கற எண்ணக் காட்டினார். அதுல கடைசி நாலு இலக்கம்தான் டயரோட ஜாதகம். 1418னா 2018ஆம் வருஷம் 14வது வாரம் செஞ்சது. "ஆறு வருஷம் ஆச்சு"ன்னார். யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்ணப்போ புலம்பினேன். அப்பா நாமக்கல்ல முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். பட்டன் நல்லா இருந்தா (டயர் மேல இருக்கற வெட்டுக்கு லாரிக்காரங்க வச்ச பேரு) டயரக் கழட்ட விடமாட்டார், பட்டன் தேஞ்சாலும் புதுப் பட்டன் ஒட்டி ஓட்டுவார். என் கட்சிதான்னு நம்பி "பட்டன் அப்படியே இருக்குதுங்கப்பா"ன்னேன்.

"எத்தன வருசம் நின்ன வண்டி கண்ணு?"

"வாங்கினதுல இருந்தே பெரும்பாலும் நின்னதுதானுங்கப்பா."

"ஓடற வண்டி டயரு தேஞ்சு போகும். நிக்கற வண்டி டயரு வெடிச்சுப் போகும். ஜோடில உள் டயரப் பாத்தியா?"

பாக்கல. நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன், கண்ணுக்குத் தெரிஞ்ச வெளி டயர்ல மட்டும் காச விட்டுப் பாத்திருக்கேன்.

மறுநாள் காலைல செல்ஃபோன் வெளிச்சத்தோட வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்தேன். தேதி டயரோட ஒரு பக்கத்துலதான் முழுசா இருக்கணும்னு சட்டம், அது மறுபக்கமாவும் இருக்கலாம். தேடிக் கண்டுபிடிச்சேன். 4811. ரெண்டு உள் டயரும் அதே. வண்டியோட கூடவே வந்தது, பன்னெண்டு வயசு தாண்டியாச்சு. தாத்தா வெளிய தெரியற நாலை மட்டும் மாத்திட்டு உள்ளத விட்டுட்டார். பள்ளத்துக்குள்ள வெடிப்பு, நம்மூர் கோடைல ஏரி காஞ்ச மாதிரி.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ரப்பர ஓசோன் தின்னாம இருக்க அதுல மெழுகு மாதிரி ஒரு மருந்து கலந்திருப்பாங்க. டயர் உருண்டு வளைஞ்சாத்தான் அது மேல வந்து பூசிக்கும். நின்னா வராது, காஞ்சு வெடிக்கும். ஃபோர்டு பட்டன் எப்படி இருந்தாலும் ஆறு வருஷத்துல மாத்தச் சொல்றாங்க. மிஷலின் அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் காட்டச் சொல்லி, அதிகபட்சம் பத்துங்கறாங்க.

ஜோடில ஒண்ணு போனா அது பாரம் பூரா பக்கத்து டயர் மேல ஏறும், அதுவும் போகும். வெடிச்ச ரப்பர் மேல இருக்கற பலகை, பைப்பு, வயர் எல்லாத்தையும் கிழிக்கும். எங்க வண்டில அதுக்கு நேர் மேலதான் கட்டில். அம்மா படுக்கப் போற கட்டில். அதுக்கு மேல 1300 டாலர் பெருசாத் தெரியல.

வாங்கும்போது கத்துக்கிட்டது:

வண்டிய ரொப்பி (தண்ணி, கேஸ், ஆளுங்க உட்பட) லாரி எடை மேடைல நிறுத்துங்க. எங்களுக்குப் பின் அச்சு 9100 பவுண்டு. எங்க சைஸ் எல்டி 225/75 ஆர் 16, லோட் ரேஞ்ச் ஈ. 80 பிஎஸ்ஐ காத்துல ஜோடியா போட்டா ஒண்ணு 2470 பவுண்டு தாங்கும், நாலுக்கு 9880. மிச்சம் 780தான். இதுல லோட் ரேஞ்ச் குறைச்சு காச மிச்சம் பிடிக்க வழியே இல்ல.

எஸ்டின்னு ஆரம்பிச்சா அது இழுவை டிரெய்லர் டயர். விலை மலிவுன்னு ஆசப்படாதீங்க, நாம உக்காந்து ஓட்டற வண்டிக்கு அது இல்ல.

புது டயருக்கும் ஜாதகம் பாருங்க. எனக்கு வந்ததுல ஒண்ணு 2021. மாத்தித் தரச் சொன்னேன், தந்தாங்க.

காத்த வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க. உள் டயர் வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக்குங்க, எட்டலன்னா யாரும் பாக்க மாட்டோம். 100 மைல் ஓடினதும் நட்டுகள இன்னொரு தடவ முடுக்குங்க.

ஜூலைல போனோம், வந்தோம். சொல்ற மாதிரி எதுவும் நடக்கல, அதுக்குத்தானே இவ்வளவும். ஆறு டயருக்கும் சென்சார் மாட்டி டாஷ்போர்டுல காத்தளவு காட்டறேன்னு அப்பாகிட்ட பெருமையா சொன்னேன். "நல்லா இருக்குது"ன்னார். நியூ மெக்சிகோல லாரிங்க நிக்கற ஒரு இடத்துல டீசல் வாசனை பிடிச்சுக்கிட்டே இறங்கினவர், எங்கிருந்தோ ஒரு கட்டை எடுத்துட்டு வந்து ஒவ்வொரு டயரா தட்டினார். உள் டயருக்குக் குனிஞ்சு கைய விட்டுத் தட்டினார். காது கொடுத்துக் கேட்டார்.

"கிளீனர் வேலைல சேந்துட்டாரு மறுபடி"ன்னு அம்மா சிரிச்சாங்க.

அந்தக் கட்டை இன்னும் டிரைவர் சீட்டுக்கு அடியில கிடக்கு. சென்சார் பேட்டரி இருக்கான்னு பாத்துட்டு, இப்ப நானும் ஒரு தடவ தட்டிட்டுத்தான் வண்டி எடுக்கறேன்.

பி.கு: உங்க காரும் ரொம்ப நாளா நிக்குதா? போய் அந்த நாலு இலக்கத்தப் பாத்துட்டு வாங்க. அப்புறம் பின்னூட்டம் போட்டுக்கலாம்.