கிணற்றின் கடைசிப் படி

வடுகபட்டியில் எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் கோடை விடுமுறையைக் கிணற்றுக்குள் கழித்தபோது, நாங்கள் மூவர் மட்டும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்தோம். அண்ணன், தம்பி, தங்கை என்ற வரிசையில் நாங்கள் மூவருமே தண்ணீருக்குப் பயந்தவர்கள். ஊரையொட்டி ஓடும் வராக நதியில் கணுக்கால் அளவு நீர் போகும் நாளிலும் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் மறுகரைக்குப் போவோம். பூண்டு மூட்டை இறக்க வருகிறவர்கள்கூட எங்களைக் கேலி செய்வதுண்டு.

அந்தப் பயம் அப்பத்தாவிடமிருந்து எங்களுக்கு வந்தது. வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று அவளுடையது. 1959 ஜனவரியில் முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்த அந்த அணையின் உயரம் 111 அடி. அதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். மதுரைக்குக் குடிநீரும் கீழ்ப்பகுதி வயல்களுக்குப் பாசனமும் அதனால் கிடைத்தன. நீர் தேங்கிய இடத்தில் இருந்த ஊர்கள் இல்லாமற் போயின. கவிஞர் வைரமுத்து 1953இல் பிறந்த மெட்டூரும் அப்படி மூழ்கிய ஊர்தான். அவர் குடும்பமும் வடுகபட்டிக்கே குடிபெயர்ந்தது. அந்த இடப்பெயர்வைச் சொல்லும் அவரது ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்ட ஒரு துக்கத்தை நாடு முழுவதும் கேட்டுவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்பத்தா அழுது நாங்கள் பார்த்ததில்லை. “தண்ணி நம்மளத் தேடி வரும்டா. நாமளாத் தேடிப் போகக் கூடாது” என்று மட்டும் சொல்வாள். ஊரைவிட்டுக் கிளம்பியபோது சிறுவனாக இருந்த எங்கள் அப்பாவும் அந்தச் சொல்லை மீறியதில்லை. மீறியவர் சித்தப்பா ஒருவர்தான். குடும்பம் இங்கே வந்த பிறகு பிறந்தவர் அவர்; பழைய ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அப்பத்தாவுக்குத் தெரியாமல் நீச்சல் பழகியவர், 1984ஆம் ஆண்டுக் கோடையில் எங்களையும் கிணற்றுக்கு இட்டுச் சென்றார்.

பாறையை வெட்டித் தோண்டிய சதுரக் கிணறு அது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களே படிகள். முதல் மூன்று நாட்கள் எங்களைக் கடைசிப் படியில் உட்காரவைத்துக் காலை மட்டும் தண்ணீரில் தொங்கவிடச் சொன்னார். கிணற்றின் அடி தெரியவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. நான்காம் நாள் முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை மெல்ல விடப் பழக்கினார். அதன் பிறகுதான் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை ஏறியது. மார்பைச் சுற்றிய கயிற்றின் மறுமுனை சித்தப்பாவின் கையில் இருந்தது.

விழுந்தவுடன் தலையைத் தூக்கிக்கொண்டு கைகால்களை உதறினோம். மூழ்குவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலோரின் உடல் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. தலையை வெளியே உயர்த்தினால், நீர் தாங்காத அந்த எடை உடலைக் கீழே அழுத்துகிறது. சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “அது மேல சாஞ்சு படுங்கடா, அது ஒங்களத் தாங்கும்” என்றார். எங்கள் குடும்பத்தில் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டிராத சொல் அது. குடுக்கை சிறிதாகிக்கொண்டே வந்தது. இரண்டாம் வாரத்தில் நாங்கள் இருவர் குடுக்கையில்லாமல் கிணற்றின் குறுக்கே நீந்தினோம். தங்கைக்கு மட்டும் அப்போதும் சட்டைக் காவல்தான். பெண்பிள்ளையைக் கிணற்றில் இறக்குவது பற்றி எவருமே யோசிக்கவில்லை.

யாரோ சொல்லி அப்பத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. கையில் விளக்குமாற்றுடன் கிணற்று மேட்டில் வந்து நின்றாள். நாங்கள் நடுக்கிணற்றில் இருந்தோம். ஏறினால் அடி, ஏறாவிட்டால் அதைவிடப் பெரிய அடி என்று மிதந்துகொண்டே யோசித்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் பார்த்திருந்தவள், பக்கத்தில் இருந்த தங்கையைக் காட்டிச் சித்தப்பாவிடம், “பொட்டப்பிள்ளைய மட்டும் ஏண்டா கரையில விட்ட?” என்றாள். மறுநாள் தங்கை முதுகில் ஏறிய பெரிய குடுக்கையை அப்பத்தாதான் கட்டிவிட்டாள். முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். எங்கள் மூவரில் இன்றும் நன்றாக நீந்துகிறவள் தங்கைதான்.

1993இல் அப்பத்தாவை வைகை அணைக்கு அழைத்துச் சென்றோம். அணை கட்டியதிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள். கரையில் நின்று நீர்ப்பரப்பின் நடுவே விரலை நீட்டினாள். அங்கே அலையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுவரை எந்தத் தண்ணீரைக் கண்டாலும் குதிக்கத் துடித்த எங்களுக்கு அன்று சட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. அவள் மெல்லக் குனிந்து ஒரு கை நீரை அள்ளிக் குடித்தாள். “நம்ம ஊர்க் கெணத்துத் தண்ணி மாதிரித்தான் இருக்கு” என்றாள். அவளுடைய பயத்தை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூழ்கிச் செத்துவிடுவோம் என்று அவள் பயந்ததில்லை. எத்தனை நன்றாக நீந்தினாலும் போய்ச் சேர முடியாத ஓர் இடம் அவளுக்குத் தண்ணீருக்கடியில் இருந்தது.

நீரில் மூழ்கி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள். இந்த மரணங்களைத் தடுக்கும் வழிகளில் ஒன்றாகப் பள்ளி வயதிலேயே நீச்சல் கற்பிக்கச் சொல்கிறது அந்நிறுவனம். அதைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குச் சித்தப்பாவின் கயிறு நினைவுக்கு வருகிறது.

இப்போது எங்கள் பிள்ளைகள் நகரத்து நீச்சல் குளத்தில் பழகுகிறார்கள். அங்கே தரை நீலமாகத் தெரிகிறது. ஆழம் எத்தனை அடி என்று சுவரில் எழுதியிருக்கிறது. முதல் நாள் நாங்கள் அவர்களைக் குளத்தின் விளிம்பில் உட்காரவைத்து, காலை மட்டும் நீரில் விடச் சொன்னோம். எதற்கு என்று கேட்டார்கள். அப்பத்தாவின் ஊரிலிருந்து சொல்லத் தொடங்கினோம்.